இயங்குதளம் புதிதாகும்போது செயலி பழையதாவது ஏன்?

உபுண்டு இயங்குதளத்தின் 22.04 வெளியீட்டிலிருந்து 24.04க்கு மாறிய பின்னர், எங்களிடம் இருந்த லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலகச் செயலியின் 24.8 பதிப்பு போய் 24.2 வந்துவிட்டது. எப்படி? (கொட்டாஞ்சேனை அச்சகம் ஒன்றிலிருந்து)

24.2தான் உபுண்டு 24.04 தன் களஞ்சியத்தில் (செயலிகளை வழங்கும் இணையச் சேமிப்பகத்தில்) வைத்திருக்கும் பதிப்பு. உங்கள் 24.8 வெளிக் களஞ்சியம் ஒன்றிலிருந்து வந்திருக்க வேண்டும். மேம்படுத்தும் கருவி வேலையைத் தொடங்குமுன் அத்தகைய களஞ்சியங்களை முடக்கிவிடும். அதனால் மட்டும் பதிப்பு குறைவதில்லை. ஆனால் அந்தச் செயலி சார்ந்திருந்த பழைய நூலகங்கள் (செயலிகள் பகிர்ந்துகொள்ளும் நிரல் கோப்புகள்) புதிய வெளியீட்டில் இல்லாவிட்டால், அது நீக்கப்படக்கூடும். பின்னர் யாரேனும் அதை மீண்டும் நிறுவும்போது, கிடைப்பதென்னவோ 24.2தான்.

ஆகவே எந்தச் செயலி எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்று முன்கூட்டியே எழுதிவைத்து, அக்களஞ்சியம் புதிய வெளியீட்டுக்கும் பொதிகள் (செயலியை நிறுவும் கோப்புகள்) தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேம்படுத்தல் முடிந்ததும், அக்களஞ்சியத்தைக் குறிக்கும் வரியில் 'ஜாமி' என்றுள்ள 22.04இன் பெயரை, 24.04இன் பெயரான 'நோபிள்' என்று மாற்றிய பின்னரே மறுபடி இயக்குங்கள்.

பொதியின் முன்னுரிமையை 1001 என்று வைத்தால் பதிப்பு குறையாது என்றார் நண்பர். சரியா? (தெமட்டகொடை)

நேர்மாறானது. உபுண்டுவில் பொதிகளை நிறுவும் ஆப்ட் கருவியில் 1000உம் அதற்கு மேற்பட்டதுமான முன்னுரிமைக்கு, பழைய பதிப்பாயினும் அதையே நிறுவு என்று பொருள். வழக்கமான களஞ்சியங்களுக்கு 500, இலக்காகக் குறித்த வெளியீட்டுக்கு 990 என்பவை இயல்பான மதிப்புகள். இந்த எல்லைக்குள் இருக்கும்வரை, நிறுவியிருப்பதைவிடக் குறைந்த பதிப்பை ஆப்ட் தானாகத் தேர்வதில்லை. 1001 என்பது வேண்டுமென்றே பின்னோக்கிச் செல்பவர்களுக்கான எண்.

அப்படியானால் பதிப்பு மாறாதபடி பொதியை 'ஹோல்ட்' செய்து பூட்டிவிடலாமா?

ஒரே வெளியீட்டுக்குள் நிற்கும்போது செய்யலாம். வெளியீடு மாறும்போது, பூட்டிய பொதி தன் பழைய நூலகங்களையும் பிடித்துக்கொண்டு நின்று, மேம்படுத்தலையே தடுத்துவிடக்கூடும்.

ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸ் இயங்குதளத்தில்? (வெள்ளவத்தை)

ஃபெடோராவின் வெளியீட்டு மேம்படுத்தல், பொதிகளைப் புதிய வெளியீட்டிலுள்ள பதிப்புகளோடு ஒத்திசைக்கிறது. அதற்காகத் தேவைப்பட்டால் கீழிறக்கவும் செய்யும். கீழிறக்க வேண்டாம் என்று சொல்ல 'நோ-டவுன்கிரேட்' என்ற தெரிவு உண்டு. எனினும் பழைய வெளியீட்டின் பொதிகள் சில அதனால் எஞ்சி நிற்கும் என்பதால், காரணமின்றி அதைப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை.

கணக்கியல் மென்பொருளுக்கு போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 17ஆம் பதிப்பைப் பயன்படுத்துகிறோம், உபுண்டு 24.04இல் இருப்பது 16 என்கிறார்கள். என்ன நேரும்? (பம்பலப்பிட்டி அலுவலகம்)

இங்குதான் உண்மையான ஆபத்து. சொற்செயலி ஒரு பதிப்பு குறைந்தால் சில வசதிகளே போகும். போஸ்ட்கிரெஸிலோ 17 எழுதிய தரவு அடைவை (தரவுகள் உள்ள கோப்புறையை) 16ஆல் திறக்கவே முடியாது. எனவே மேம்படுத்துமுன் முழுத் தரவுத்தளத்தையும் 'பிஜி டம்ப் ஆல்' என்ற கட்டளை கொண்டு ஒரு கோப்பாக எடுத்து, வேறொரு வட்டில் வையுங்கள். அதை இன்னொரு கணினியில் மீட்டும் பாருங்கள், மீட்டுப் பார்க்காத காப்புப்பிரதியை நான் நம்புவதில்லை. போஸ்ட்கிரெஸ் திட்டத்தின் சொந்தக் களஞ்சியம் 22.04, 24.04 இரண்டுக்கும் தனித்தனியே பொதி தருவதால், மேம்படுத்திய பின் அதை 'நோபிள்' பெயரில் இயக்கினால் 17ஆம் பதிப்பிலேயே தொடரலாம். இடையில் மின்சாரம் தடைப்பட்டால் பொதிகள் பாதி நிறுவிய நிலையில் நின்றுவிடும். யூபிஎஸ் இல்லாத இயந்திரத்தில் இதைத் தொடங்காதீர்கள்.

ஃபயர்பாக்ஸ் உலாவி என் பழைய விவரக்கோப்பைத் (என் அமைப்புகளும் புத்தகக்குறிகளும் உள்ள சேமிப்பைத்) திறக்க மறுக்கிறதே?

67ஆம் பதிப்பிலிருந்து, புதிய பதிப்பு பயன்படுத்திய விவரக்கோப்பைப் பழைய பதிப்பு தொட்டுச் சேதப்படுத்தாதபடி காக்கும் ஏற்பாடு உண்டு. ஃபயர்பாக்ஸை முன்பிருந்த பதிப்புக்கோ அதற்கு மேலாகவோ உயர்த்துங்கள். அதே விவரக்கோப்பு திறக்கும்.