பாலத்தில் போகாதீர்கள், படகில் போங்கள்: கொல்லம், கொச்சி தீவுகள் கேள்வி பதில்

கேரளத்தில் தென்மலைப் பக்கம் இருக்கிறேன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். ஓய்வு நாள் கிடைத்தால் தீவு, பழைய சர்ச் என்று கிளம்பிவிடுவேன். அதனால் வந்த கேள்விகள் இவை.

செங்கோட்டை தம்பி: அண்ணாச்சி, அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் ஒரு தீவு பார்க்கணும். கொச்சி வரைக்கும் போகணுமா?

வேண்டாம் தம்பி. மன்றோத்துருத்து என்கிற மன்றோ தீவுக்குப் போங்கள். கொல்லம் ரயிலில் ஏறினால் கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம், அப்புறம் தென்மலை. கொல்லம் வரை போகாமல் குண்டறையில் இறங்கி ஆட்டோ பிடித்தால் வழி மிச்சம். தென்மலை அணையில் தேங்கி நிற்பது கல்லடா ஆறு. அந்த ஆறு அடித்து வந்த மண்தான் அஷ்டமுடிக் காயலில் படிந்து மன்றோ தீவானது. நம் மலையின் மண் என்று அப்பாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

பெரிய படகு வேண்டாம், சின்ன வள்ளமே போதும். தோடு என்கிற கால்வாய் ஒடுக்கம், மேலே நடைபாலங்கள் தாழ்வு. வள்ளக்காரர் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே "தல, தல" என்பார். எல்லோரும் குனிய வேண்டும். ஒருமுறை போட்டோ எடுக்கிற மும்முரத்தில் நான் குனியவில்லை. நெற்றி வீங்கி வீடு வந்தேன். காலை ஆறு மணிக்கே ஏறிவிடுங்கள், பத்துக்கு மேல் வெயில் தாங்காது. வாடகையை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

பாறசாலை தங்கச்சி: அந்தத் தீவு மூழ்குகிறது என்கிறார்களே, உண்மையா?

வீட்டுத் திண்ணையில் உப்புநீர் ஏறி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன் அம்மா. பௌர்ணமி, அமாவாசை ஓதத்தில் முற்றம் முழுக்கத் தண்ணீர். அங்கே இதற்கு வேலியேற்றம் என்று பெயர். சுவரின் அடிப்பக்கம் உப்பு அரித்துச் செங்கல் பொடியாக உதிரும். அணை வந்த பிறகு ஆறு புதுமண் கொண்டுவருவது குறைந்துபோனது ஒரு காரணம். 2004 சுனாமிக்குப் பிறகு நிலைமை மோசமானது என்பது ஊர்க்காரர்கள் சொல்வது. வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் அந்த வீடுகளைப் படம் பிடிக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அதே தங்கச்சி: டச்சுப் பள்ளி என்று ஒன்று இருக்காமே?

இருக்கிறது. பள்ளி என்றால் மலையாளத்தில் சர்ச். 1878-இல் கட்டியது என்கிறார்கள். டச்சுக்காரர்களோ 1795-லேயே கொச்சியை ஆங்கிலேயரிடம் இழந்துவிட்டார்கள். அதனால் பெயரை வைத்து வரலாறு சொல்கிற வழிகாட்டியிடம் தலையாட்டிவிட்டு, சர்ச் கட்டடத்தை மட்டும் பாருங்கள். தீவுக்குப் பெயர் கொடுத்த மன்றோ திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக, அதாவது ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த கர்னல் ஜான் மன்றோ. சென்னையில் குதிரைமேல் இருக்கிற தாமஸ் மன்றோ வேறு ஆள்.

மூணாறு எஸ்டேட்டிலிருந்து ஒரு அண்ணன்: கொச்சியில் ஒரு நாள். எங்கே ஆரம்பிக்க?

எர்ணாகுளத்தில் படகேறி ஃபோர்ட் கொச்சி. வாட்டர் மெட்ரோவில் ஏசி உண்டு, அரசு நீர்ப்போக்குவரத்துப் படகில் காற்று உண்டு. எனக்குக் காற்று. வழியில் தெரியும் வில்லிங்டன் தீவின் பெரும்பகுதி இயற்கையானது இல்லை. ராபர்ட் பிரிஸ்டோ என்கிற ஆங்கிலேய எஞ்சினியர் துறைமுகத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கியது.

இறங்கியதும் நேராக செயின்ட் பிரான்சிஸ் சர்ச். 1503-இல் மரத்தில் எழுப்பி, பிறகு கல்லில் கட்டினார்கள். வாஸ்கோடகாமா 1524-இல் கொச்சியில் இறந்து இங்கேதான் புதைக்கப்பட்டார். 1539-இல் எலும்புகளை போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது இருப்பது வெறும் இடம். எல்லோரும் அந்தக் கல்லைச் சுற்றி நிற்பார்கள். நீங்கள் தலையைத் தூக்கிப் பாருங்கள். குறுக்கே நீளமாகத் தொங்கும் துணி விசிறிகள், அதிலிருந்து கயிறு வெளியே போகும். உள்ளே துரைமார்களுக்குக் காற்று வர, வெளியே ஒரு ஆள் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு காமாவை விட அந்த ஆளின் ஞாபகம்தான் வரும். ஞாயிறு காலை போகாதீர்கள், ஆராதனை நடக்கும். போய் வெளியே நின்றவன் சொல்கிறேன்.

அப்புறம் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் ஜங்கார் படகில் ஏறி வைப்பின் தீவு. வடகோடியில் பள்ளிப்புரம் கோட்டை இருக்கிறது. 1503-இல் போர்த்துக்கீசியர் கட்டிய அறுகோணக் கோட்டை. சின்னதுதான், அரை மணி நேரம் போதும்.

பாலக்காடு அக்கா: வல்லார்பாடம் மாதா கோயிலுக்கு நேர்ச்சை. நாங்கள் இந்துக்கள், போகலாமா?

கொச்சிப் பக்கத்துத் தீவுதானே, தாராளமாகப் போங்கள் அக்கா. அந்தக் கோயிலின் கதையே மீனாட்சியம்மா என்கிற நாயர் பெண்ணுடையதுதான். 1752-இல் குழந்தையோடு போன படகு புயலில் கவிழ, மாதாவை வேண்டிக்கொண்டாள், மூன்றாம் நாள் மீனவர் வலையில் இருவரும் உயிரோடு கிடைத்தார்கள் என்பது ஐதீகம். பிறகு அவள் கோயில் முற்றத்தைக் கூட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாளாம். அதனால்தான் இன்றும் துடைப்பத்தால் முற்றம் கூட்டுவது நேர்ச்சை. முழங்கையில் நகைப்பெட்டிபோல் கைப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகி மணலைக் கூட்டுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். செப்டம்பர் 24 திருவிழாச் சமயம் கால் வைக்க இடமிருக்காது, அதைத் தவிர்த்துப் போங்கள். கோஸ்ரீ பாலம் வந்த பிறகு பஸ்ஸே வாசலருகே போகிறது. படகில் கவிழ்ந்தவள் கதைக்குப் பஸ்ஸில் போவதா என்று எனக்குத் தோன்றும். ஆனால் மூட்டுவலி இருந்தால் பஸ்தான் சரி.

செங்கோட்டை தம்பி மறுபடியும்: சாப்பாடு அண்ணாச்சி?

அஷ்டமுடியில் கக்கா, அதாவது மட்டி. தேங்காய்க்கொத்து போட்டு வறுத்தது. அம்மா சைவம் என்றால் கையில் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். தீவில் கடை தேடி அலையாதீர்கள்.