கேள்வி – பதில்: வேர்டியை யார் குரலில் கேட்பது?

இம்மாதம் வந்த கடிதங்களுள் மூன்று, இத்தாலிய இசையமைப்பாளர் ஜுசெப்பே வேர்டியின் (1813–1901) ஒபராக்களைப் பற்றியவை. உரையாடலும் பாட்டாகவே அமைந்த மேடை நாடகமே ஒபரா என்பதைப் புதிய வாசகர்களுக்காகக் குறிப்பிட்டுவிட்டுப் பதில்களுக்குச் செல்கிறேன்.

கேள்வி (உவர்மலை வாசகர்): ‘லா திராவியாத்தா’வுக்கு எத்தனையோ ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் கேட்பதானால் எதைக் கேட்கலாம்? ஒலி தெளிவான பதிவையே தேட வேண்டும் என்கிறான் என் மகன்.

பதில்: ஒலியைப் பொறுத்தவரை உங்கள் மகன் சொல்வது சரி. அவருக்கு, இசைக்குழுவை கார்லோஸ் கிளைபர் நடத்தி 1977இல் வெளியான பதிவைத் தருவேன். இலியானா கொத்ருபாஸும் பிளாசிடோ டொமிங்கோவும் பாடும் அதில் ஒவ்வொரு வாத்தியமும் துலக்கமாகக் கேட்கும். உங்களுக்கு நான் சொல்வது, 1958 மார்ச் 27ஆம் திகதி லிஸ்பனின் சான் கார்லோஸ் அரங்கில் மரியா காலாஸ் பாடியதை. ஒலி மங்கல்தான். அடியெடுத்துக் கொடுப்பவரின் குரல்கூடச் சில இடங்களில் பாடகரை முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. (கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது குறையாகவே படாது.) உச்ச ஸ்வரங்களில் காலாஸின் குரல் அக்காலத்தில் நடுங்கத் தொடங்கியிருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இரண்டாம் அங்கத்துக்கு வாருங்கள். காதலனின் தந்தை வந்து, இந்த உறவு நீடித்தால் தம் மகளின் கலியாணம் குழம்பிவிடும், மாப்பிள்ளை பின்வாங்கிவிடுவார், ஆகவே விலகிவிடு என்று நாயகி வயலெத்தாவிடம் கேட்கிறார். நம் ஊரில் எவருக்கும் விளக்க வேண்டாத கோரிக்கை. அவள் இணங்கி, ‘அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்’ என்று தொடங்கும் அடியை, காலாஸ் அழுகையாகவும் பாடவில்லை, தியாகப் பெருமிதத்துடனும் பாடவில்லை. களைத்துப்போன ஒருத்தி தனக்குள் சொல்லிக்கொள்வதைப் போலக் குரலைத் தாழ்த்தி எடுக்கிறார். கடைசி அங்கத்தில், வயலின்கள் பழைய காதல் மெட்டை மெல்ல இழைக்க, அவள் கடிதத்தைப் பாடாமல் வாசிக்கிறாள். அதைத் தொடரும் பாட்டின் முடிவில் குரல் நூலிழைபோல் மெலிய வேண்டும் என்பது வேர்டியின் குறிப்பு. நடுங்கும் குரலும் அந்த இடத்தில் பாத்திரத்துக்கே உரியதாகிவிடுகிறது.

கதை ஒன்றுதானே, எதற்கு இத்தனை பதிவுகள் என்று கேட்பவர்களும் உண்டு. அரிச்சந்திரன் கதை தெரியாமலா மக்கள் நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டத்துக்குத் திரண்டார்கள்? இதே ‘திராவியாத்தா’ 1853இல் வெனிஸில் முதலில் மேடையேறியபோது தோற்றது. மறு ஆண்டு அதே நகரின் வேறோர் அரங்கில் வேறு பாடகர்களுடன் வென்றது.

கேள்வி (உட்துறைமுக வீதி வாசகர்): ‘ஒதெல்லோ’ புயலோடு தொடங்குகிறது. அந்தக் காட்சிக்கு எந்தப் பதிவு சிறந்தது?

பதில்: தயக்கமின்றி, இசைக்குழு நடத்துநர் ஆர்துரோ தொஸ்கனினி 1947 டிசம்பரில் நியூயோர்க்கில் வானொலிக்காக நடத்தியது. 1887இல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் இந்த ஒபரா முதன்முதலாக மேடையேறியபோது, செல்லோ வாசித்தவர்களுள் பத்தொன்பது வயதுத் தொஸ்கனினியும் ஒருவர். இந்தப் பதிவின்போது அவருக்கு வயது எண்பது. வேர்டி அந்தப் புயலின் அடியில் ஓர்கனின் மிகத் தாழ்ந்த, அடுத்தடுத்த மூன்று ஸ்வரங்களை ஒருசேர அழுத்திப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். அது இசையாக அன்றி உறுமலாகவே கேட்கும். 1964ஆம் ஆண்டு மார்கழிப் புயலை நம் திருகோணமலைத் துறைமுகத்தில் கண்டவர்கள் யாரேனும் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்கக் கொடுத்துப் பாருங்கள். கைத்தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் அந்த உறுமல் எழாது என்பதால் காதில் மாட்டிக் கேட்கும் ஹெட்போன் அவசியம். ஒதெல்லோவாகப் பாடும் ரமோன் வினாய் தாழ்ந்த குரற்பாடகராகத் தொடங்கியவர் என்பதால், வெற்றி முழக்கத்திலேயே ஒரு இருள் கலந்திருக்கிறது. கடைசி அங்கத்துக்கு மட்டும், லா ஸ்காலாவில் 1976இல் கிளைபர் நடத்த, டொமிங்கோவும் மிரெல்லா பிரேனியும் பாடியதை நான் விரும்புவேன்.

கேள்வி (நிலாவெளி வாசகி): இத்தாலிய மொழி ஒரு சொல்லும் தெரியாது. நான் எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: இரண்டு சொற்கள் போதும். ‘மாய் பியூ’ என்றால் ‘இனி ஒருபோதும் இல்லை’. ‘ஐடா’வில், எகிப்தில் அடிமையாக இருக்கும் எத்தியோப்பிய இளவரசி நைல் நதிக்கரையில் இரவில் நின்று, தாய்நாட்டை இனிக் காணமாட்டேன் என்று இச்சொற்களையே திரும்பத் திரும்பப் பாடுகிறாள். அமெரிக்கக் கறுப்பினப் பாடகி லியொந்தீன் பிரைஸ், 1985 ஜனவரி 3ஆம் திகதி நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் அரங்கில் தம் இறுதி ஒபராவாக இதைப் பாடியபோது அவருக்கு வயது 57. பாட்டு முடிந்ததும் கைதட்டல் நிமிடக்கணக்கில் நீள்கிறது. அவர் வணங்கவில்லை, பாத்திரத்தைவிட்டு இறங்காமல் அசையாது நிற்க, முகம் மட்டும் கலங்குகிறது. ஊரைவிட்டுப் போய்த் திரும்பாதவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்களே, அந்தப் பாட்டுக்கு வேறு உரை எதற்கு? ஒளிப்பதிவாகவே பாருங்கள், முழுக்கதையைப் பிறகு வாசித்துக்கொள்ளலாம்.