கடப்படியில் நின்ற பிடவைக்காரர்

அன்புள்ள ஐயா,

2024 டிசம்பரில் மியன்மாரின் ரோகிங்கியா அகதிகள் நூறு பேருக்கு மேல் படகில் முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்தார்கள். அங்குள்ள சனம் அவர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்த செய்தியைப் பார்த்து அழுதேன். அதே கிழமை, மருதமுனையிலிருந்து சைக்கிளில் பிடவை கொண்டுவரும் முஸ்லிம் காக்கா (அண்ணன்) எங்கள் கடப்படியில் நின்று மணியடித்தார். நான் வெளியே போகவில்லை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அவரிடம் ஒன்றும் வாங்கியதில்லை. படகில் வந்தவர்களும் முஸ்லிம்கள்தானே? நான் அழுதது பொய்யா?

ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

அன்புள்ள தங்கச்சி,

பொய்யில்லை. படகில் வந்தவர்களோடு உங்களுக்குப் பழைய கணக்கு ஒன்றுமில்லை. அதனால் அவர்களுடைய பசி மட்டும் தெரிந்தது. காக்காவோடு கணக்கு இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். அந்த ஈஸ்டரில் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டை வெடிக்கவைத்தவன் யாரென்றே அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் அந்தக் கணக்கை அவர் பேரில் எழுதிவிட்டோம்.

நம் கிழக்குக் கரையில் ஒரு தமிழூர் முடிய முஸ்லிமூர், அது முடியத் தமிழூர். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அதே வருடம் செப்டம்பர் 9 அன்று சத்துருக்கொண்டானில் இராணுவத்தினரால் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டாவதை எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். முதலாவதை முப்பது வயதுக்குப் பிறகுதான் ஒரு முஸ்லிம் நண்பர் சொல்ல முழுதாகக் கேட்டேன். அன்று வந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

2004 டிசம்பர் 26, சுனாமி அன்று பாண்டிருப்பிலிருந்து மேற்கே ஓடி ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். பொழுதுபட முஸ்லிம் பெண்கள் சிலர் சட்டியோடு சோறு கொண்டுவந்தார்கள். அவர்கள் ஊரிலும் அன்று சாவுதான். நாங்கள் யார் எவர் என்று கேட்கவில்லை, பிள்ளைகள் சாப்பிட்டதா என்றுதான் கேட்டார்கள். அப்புறம் நிவாரணப் பட்டியல் வந்தது. பெயர் எழுதத் தொடங்கியதும் ‘அவங்களுக்குக் கூட, நமக்குக் குறைய’ என்ற பேச்சும் வந்தது. ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. அந்தச் சோற்றைத் தின்ற நானும் அப்படிப் பேசினேன், தங்கச்சி.

அதனால், மனதில் இரக்கம் ஊறட்டும், பிறகு போகலாம் என்று இருக்காதீர்கள். அடுத்த முறை மணி கேட்டால் வெளியே போய் ஒரு சாறனுக்கு விலை கேளுங்கள். வாங்காவிட்டாலும் சரி. இத்தனை வருடம் ஏன் கூப்பிடவில்லை என்று அவருக்குத் தெரியும், அதைக் கேட்கவும் மாட்டார். முடிந்தால் நீங்களே சொல்லுங்கள். கடல் வந்த அன்று அவர் வீட்டில் யார் போனார்கள் என்றும் கேளுங்கள்.