வெளிநாட்டுப் படங்களில் தங்கள் நாட்டைப் பார்க்கும்போது மக்களுக்கு உண்மையில் வலிப்பது எது?

வெளிநாட்டவர் எடுக்கும் படங்களில் தம் நாடு காட்டப்படும் விதத்தை மக்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள், அதில் எது அவர்களுக்கு வலிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வறுமையைக் காட்டுவதுதான் வலிக்கிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிறமொழிப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதி வரும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏழ்மையையும் வன்முறையையும் ஒளிக்காமல் காட்டிய படங்களைத் தம்முடையவை என்று மனதார ஏற்றுக்கொண்டவர்களை நான் அறிவேன். தம் நாட்டை அரண்மனையும் பூந்தோட்டமுமாகக் காட்டிய படங்களைக் கண்டு முகம் சுளித்தவர்களையும் அறிவேன். திரையில் வரும் அந்த நாட்டு மனிதர் வாயைத் திறந்தால் அது பேச்சாகக் கேட்கிறதா, வெறும் சத்தமாகக் கேட்கிறதா என்பதைப் பொறுத்தே பார்ப்பவரின் மனம் ஒட்டுகிறது அல்லது முறிகிறது என்பது என் அனுபவம்.

எங்கள் வேலையில் படத்தோடு வசனப் பட்டியல் ஒன்று வரும். ஒவ்வொரு வசனமும் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்ற குறிப்பு அதில் இருக்கும். கதாநாயகன் பெருமூச்சு விட்டால்கூடப் பதிவாகியிருக்கும் அந்தப் பட்டியலில், கதை நடக்கும் நாட்டு மக்கள் பேசும் இடங்களில் மட்டும் 'வேற்று மொழியில் பேசுகிறார்' என்று ஒரே வரி இருக்கும். எந்த மொழி, என்ன சொல்கிறார் என்பது இருக்காது. சில ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஆசிய நாடொன்றில் நடப்பதாக எடுக்கப்பட்ட ஒரு போர்ப்படம் என்னிடம் வந்தது. குறுகிய சந்து ஒன்றில் வீரர்கள் துப்பாக்கியை நீட்டியபடி நடந்து வருகிறார்கள். மேல்மாடத்திலிருந்து கறுப்பு உடை அணிந்த ஒரு பெண் கையை வீசிக் கத்துகிறாள். பின்னணியில் முரசு அதிர்கிறது. இரண்டரை நொடிக் காட்சி அது. பட்டியலில் 'வேற்று மொழியில் கத்துகிறாள்' என்று இருந்தது. அரபு மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நண்பர் ஒருவருக்கு அந்தத் துண்டை மட்டும் போட்டுக் காட்டினேன். அவர் இரண்டு முறை கேட்டுவிட்டு, "பிள்ளையை உள்ளே கூட்டிக்கொண்டு போ, சுடப் போகிறார்கள் என்கிறாள்" என்றார். எதிர் வீட்டு வாசலில் நின்ற குழந்தைக்காக அவள் பதறுகிறாள். படமோ அவளையே அச்சுறுத்தலாகக் காட்டியது. அந்த வசனத்தைத் தமிழில் எழுதி அனுப்பினேன். பணியைக் கொடுத்தவர்கள் அதை எடுத்துவிடச் சொன்னார்கள். அது புரியாமல் இருப்பதுதான் காட்சிக்குத் தேவை என்பது அவர்கள் தந்த விளக்கம். நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "என் அம்மாவும் அப்படித்தான் கத்துவார்" என்று மட்டும் சொன்னார். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் குரல்தான்.

1978இல் வெளிவந்த 'மிட்நைட் எக்ஸ்பிரஸ்' துருக்கியர்களிடையே இன்றுவரை ஆறாத புண்ணாக இருப்பதற்கும் இதையே காரணமாகச் சொல்வேன். 1970இல் இஸ்தான்புல் விமான நிலையத்தில் கஞ்சாப் பிசினோடு பிடிபட்டுச் சிறைக்குப் போய், 1975இல் தப்பிய பில்லி ஹேய்ஸ் என்ற அமெரிக்கரின் கதை அது. சிறைக் கொடுமையைக் காட்டியதற்காக மட்டும் அந்தப் படத்தை அவர்கள் வெறுக்கவில்லை. படம் மால்டாவில் எடுக்கப்பட்டது. துருக்கியர் வேடங்களில் பெரும்பாலும் வேறு நாட்டவர்கள் நடித்தார்கள். அவர்கள் துருக்கி மொழி என்று பேசியது மொழிபெயர்ப்பே இல்லாமல் காதில் விழும் உறுமலாக விடப்பட்டது. நீதிமன்றத்தில் கதாநாயகன் ஒரு நாட்டு மக்கள் அத்தனை பேரையும் பன்றிகள் என்று ஏசுகிறான். நல்ல துருக்கியர் ஒருவரும் காட்டப்படவில்லையே என்று பிற்காலத்தில் ஹேய்ஸே வருத்தப்பட்டார். திரைக்கதைக்காக ஆஸ்கர் பெற்ற ஆலிவர் ஸ்டோன், 2004இல் துருக்கிக்குச் சென்றபோது, மிகைப்படுத்தியதற்காக மன்னிப்புக் கேட்டார். 2007இல் ஹேய்ஸும் அங்கே போய் மன்னிப்புக் கோரினார். கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து வந்த அந்த மன்னிப்பு, இடைப்பட்ட காலத்தில் அயல்நாடுகளில் படித்தும் வேலைபார்த்தும் வந்த துருக்கியர்கள் 'உங்கள் சிறை அப்படித்தானா' என்ற கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பார்கள் என்பதை மாற்றிவிடாது. உள்ளூரில் இருப்பவர் ஒரு படத்தைப் பிடிக்காவிட்டால் மறந்துவிடலாம். வெளிநாட்டில் வாழ்பவரோ அதற்கு ஆள்மாற்றி ஆள் விளக்கம் சொல்லியே ஆகவேண்டும். கூடுதலாக அடிபடுவது அவர்தான்.

தவறான மொழியைப் பேசவைப்பது இதைவிடச் சிறிய குற்றமாகத் தோன்றலாம். அந்த மொழி தெரிந்தவருக்கு அப்படித் தோன்றாது. ஹாலிவுட் இயக்குநர் ஸ்பீல்பெர்க்கின் இண்டியானா ஜோன்ஸ் வரிசையில் 1984இல் வந்த இரண்டாம் படத்துக்கு இந்திய அரசு படப்பிடிப்பு அனுமதி தரவில்லை. இலங்கையில் கண்டிப் பகுதியில் எடுத்தார்கள். அதனால் வட இந்தியக் கிராமம் என்று காட்டப்படும் இடத்தில் ஊர்மக்கள் சிங்களத்தில் புலம்புகிறார்கள். அந்தப் படத்தில் வரும் குரங்கு மூளை விருந்துக் காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சிங்களப் புலம்பல்தான் அதைவிட உறுத்துகிறது. கேட்பவருக்கு இந்தியும் சிங்களமும் ஒன்றுதான் என்று படம் எடுத்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரத்தில் செய்த அவமதிப்பு அது. 2012இல் வந்த 'ஜீரோ டார்க் தர்ட்டி' பாகிஸ்தானில் நடக்கும் கதை. சண்டிகரில் சில பகுதிகளை எடுத்தார்கள். ஆனால் பாகிஸ்தானியர்கள் அரபு பேசுகிறார்கள். உருதுவும் பஷ்தோவும் பஞ்சாபியும் பேசும் மக்கள் அதைக் கண்டு கொதித்ததில் வியப்பில்லை. 2020இல் டாக்காவைக் களமாகக் கொண்டு வந்த 'எக்ஸ்டிராக்‌ஷன்' படத்தில் நகரம் முழுவதும் மஞ்சள் பூசியதுபோல் இருந்ததையும், கேட்ட வங்காளம் தங்கள் வங்காளமாக இல்லை என்பதையும் வங்கதேசத்தவர்கள் சேர்த்தே சொன்னார்கள்.

வறுமைக்கு வருகிறேன். 2008இல் வந்து எட்டு ஆஸ்கர் விருதுகள் பெற்ற 'ஸ்லம்டாக் மில்லியனர்' இந்தியாவில் எழுப்பிய கோபம் ஒரே கோபம் அல்ல. வசதியானவர்கள், குடிசைகளை உலகத்துக்குக் காட்டிவிட்டார்கள் என்று வருந்தினார்கள். விருந்தாளி வரும்போது சமையலறைக் கதவைச் சாத்தும் கூச்சம் அது. அந்தக் கூச்சத்தை நான் புரிந்துகொள்கிறேன், மதிக்க முடியவில்லை. மும்பையில் குடிசைவாழ் மக்கள் வீதிக்கு வந்ததோ தலைப்பில் இருந்த 'நாய்' என்ற சொல்லுக்காக. தாம் வாழும் இடம் திரையில் தெரிந்ததை அவர்கள் எதிர்க்கவில்லை. தம்மை அழைத்த பெயரை எதிர்த்தார்கள். அதே படத்தில் குழந்தைகள் வரும் பகுதிகளை இந்தியில் எடுக்கவேண்டும் என்று வலியுறுத்தியவர் இணை இயக்குநர் லவ்லீன் தாண்டன். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வசனம் இந்தியில் வந்தது அதனால்தான். அந்தக் குழந்தைகள் ஓடும்போதும் ஏமாற்றும்போதும் உயிரோடு இருப்பதற்கு அந்த மொழி காரணம். அவர்கள் வளர்ந்து ஆங்கிலம் பேசத் தொடங்கியதும் எனக்குப் படம் சற்றுத் தள்ளிப் போய்விடுகிறது.

அரசுகள் படும் கோபத்தையும் மக்கள் படும் வேதனையையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. 2006இல் வந்த 'போரட்' என்ற கேலிப் படத்தில் கஜகஸ்தான்காரனாக வருபவர் பேசுவது பெரும்பாலும் எபிரேயம், கூட வருபவர் பேசுவது ஆர்மீனியம், அவன் ஊராகக் காட்டப்படுவது ருமேனியாவின் ஓர் ஏழைக் கிராமம். கஜகஸ்தான் அரசு அப்போது சினந்தது. 2012இல் அந்நாட்டு வெளியுறவு அமைச்சர், சுற்றுலாப் பயணிகள் பெருகியதற்காகப் படத்துக்கு நன்றி சொன்னார். 2020இல் படத்தின் 'வெரி நைஸ்' என்ற வாசகத்தையே சுற்றுலா விளம்பரமாக்கினார்கள். புண் ஆறிவிட்டதற்கு இது சான்று என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் நாட்டின் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் சிரிக்கத் தொடங்கினால், தானும் சேர்ந்து சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லாத இளைஞர் ஒருவரின் நிலையை அந்த விளம்பரம் சொல்லாது. பொய்யாகவே இருந்தாலும் அன்போடு சொன்னால் மக்கள் எடுத்துக்கொள்வதும் உண்டு: 2015இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் மெக்சிகோ நகரில் இறந்தோர் நாள் ஊர்வலம் ஒன்றைக் கற்பனையாகக் காட்ட, மறு ஆண்டு முதல் அந்நகரம் அதை உண்மையாகவே நடத்தத் தொடங்கியது.

எதிரி நாட்டவரே எடுத்த படத்தையும் மக்கள் ஏற்பார்கள் என்பதற்கு 2006இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய 'லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா' ஒன்று போதும். இரண்டாம் உலகப் போரில் தம் நாட்டுப் படை போரிட்டு வென்ற தீவின் கதையைத் தோற்ற தரப்பின் பக்கம் நின்று, ஏறத்தாழ முழுவதையும் ஜப்பானிய மொழியில், ஜப்பானிய நடிகர்களைக் கொண்டு எடுத்தார் ஓர் அமெரிக்கர். அதற்கு ஆதாரமாக இருந்தவை ஜப்பானியத் தளபதி குரிபயாஷி வீட்டுக்கு எழுதிய கடிதங்கள். ஜப்பானில் அந்தப் படம் நன்றாக ஓடியது. அதில் தோல்வியும் பட்டினியும் தற்கொலையும் உண்டு. ஒன்றும் பூசி மெழுகப்படவில்லை.

இதைச் சொல்லும்போது நம் படங்களையும் சொல்லியாக வேண்டும். பாடல் காட்சிகளுக்காக நாம் எத்தனையோ நாடுகளுக்குப் போயிருக்கிறோம். அங்கே உள்ளவர்கள் நாயகனுக்குப் பின்னால் நின்று ஆடியிருக்கிறார்கள், அல்லது கடத்தல்காரனின் அடியாளாக வந்து உதை வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் எழுதிக் கொடுத்த வசனம் மிகக் குறைவு.

சப்டைட்டிலின் மறுபக்கத்தில் நானே நின்றது 2015இல் 'தீபன்' பார்த்தபோது. ழாக் ஓதியார் இயக்கிய பிரெஞ்சுப் படம். கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப்பனையைப் பெற்றது. இலங்கையிலிருந்து தப்பி, குடும்பம் என்று பொய் சொல்லிப் பிரான்ஸ் போய்ச் சேரும் மூன்று பேரின் கதை. தீபனாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. படத்தின் முடிவை ஏற்காத தமிழர்கள் பலர் உண்டு. எனக்கும் அதில் மனத்தாங்கல் இருக்கிறது. ஆனாலும் படத்தின் பெரும்பகுதி தமிழில் ஓடியது. எனக்குத் தேவைப்படாத எழுத்துகள் திரைக்குக் கீழே மற்றவர்களுக்காக ஓடிக்கொண்டிருந்தன. ஓர் இடத்தில், கூட இருப்பவர்கள் சொல்லும் வேடிக்கைப் பேச்சுக்குத் தனக்குச் சிரிப்பு வருவதில்லை என்று தீபன் சொல்வான். அது மொழிக் குறையில்லை, தமிழில் சொன்னாலும் உனக்குச் சிரிப்பு வராது என்ற பொருளில், அவனுக்கு மனைவியாக நடித்துவரும் யாழினி பதில் சொல்வாள். அகதியும் போராளியும் பாதிக்கப்பட்டவரும் அந்த நொடியில் காணாமல் போய், ஒரு வீட்டில் இருக்கும் இரண்டு பேர் மட்டும் தெரிந்தார்கள். நான் கீழே ஓடிய எழுத்தைப் பார்க்கவே இல்லை.