செவில் நகரில் மாலை ஐந்து மணி

கேள்வி: ஜூலை கடைசியில் ஸ்பெயினின் செவில் நகருக்குக் குடும்பத்தோடு இரண்டு நாள் போகிறோம். பகலிலேயே எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் ஐந்து மணிவாக்கில் பிளாசா தே எஸ்பான்யாவில் போட்டோ எடுக்கலாம் என்று திட்டம். 40 டிகிரியைத் தாண்டும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். வேலூர்க்காரனுக்கு வெயில் புதுசா? இன்னொன்று, அங்கே மதியமானால் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்களாமே, ஊரே இப்படிச் சோம்பேறியாக இருந்தால் உருப்படுமா?

பதில்: வெயில் புதுசில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மே மாதம் மதியம் ஒரு மணிக்கு உங்கள் ஊர்க் கோட்டையை ஒரு சுற்று நடந்து வந்திருக்கிறீர்களா? நிச்சயம் மாட்டீர்கள், அந்த நேரத்தில் வீட்டில் ஃபேனுக்குக் கீழே இருப்பீர்கள். வெயில் ஊரில் பிறந்தவன் கற்றுக்கொள்வதே அதைத்தான். வெளிநாடு போனால் மட்டும் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு கண்ணை மறைத்துவிடுகிறது.

சரி, உங்கள் ஐந்து மணிக்கு வருகிறேன், திட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை அதுதான். செவில் இருக்கும் இடத்தைப் படத்தில் பாருங்கள், லண்டனுக்கும் மேற்கே இருக்கிறது. அப்படியானால் கடிகாரமும் லண்டனை ஒட்டித்தானே இருக்க வேண்டும்? இல்லை. 1940இல் பிராங்கோ ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது, பிறகு யாரும் திருப்பி வைக்கவில்லை. அதற்கு மேல் கோடைக்காக இன்னொரு மணி நேரம் தள்ளுகிறார்கள். ஆக, ஜூலையில் சூரியன் உச்சிக்கு வருவதே இரண்டரை மணிக்கு. நீங்கள் போட்டோ எடுக்கக் கிளம்பும் ஐந்து மணி, நம் ஊர்க் கணக்கில் மதியம் இரண்டே முக்கால். அன்றைய சூடு உச்சத்தைத் தொடுவது அங்கே ஐந்திலிருந்து ஏழுக்குள். சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகும்.

நானும் இதில் ஏமாந்தவன்தான். ஏசி அறையில் தூங்கி எழுந்து, 'மணி அஞ்சே கால் ஆச்சு' என்று வெளியே வந்தேன். தெருமுனை மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை விளக்கில் 44 என்று ஓடிக்கொண்டிருந்தது. வெயில் படும் இடத்தில் இருப்பதால் அது கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், இருந்தாலும் வயிற்றைக் கலக்கியது. தெருவில் என்னைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. சிக்னலில் ஒரு பாட்டி மட்டும் பச்சை விளக்குக்காக நின்றிருந்தார், ஓரத்தில் அல்ல, பத்தடி பின்னால், ஒரு மின்கம்பத்தின் நிழல் விழுந்த கோட்டில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு. எனக்குப் பாடம் அவர்தான்.

அப்புறம் வியர்வை. அங்கே கோடைக் காற்று வறண்டது, வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். சட்டை நனையவில்லையே, நன்றாகத்தான் இருக்கிறோம் என்று நினைப்பீர்கள். சாயங்காலம் கருப்புச் சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு தெரியும், தலைவலியும் கூடவே வரும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள், குழாய்த் தண்ணீரே நல்ல தண்ணீர்தான். அந்தக் காலத்தில் அங்கே எல்லா வீட்டிலும் 'போத்திஹோ' என்ற மண்கூஜா இருக்குமாம் ('போத்திகோ' என்று பிழையாகச் சொல்லி நான் கேலிக்கு ஆளானேன்). நம் பானை மாதிரியே ஓடு கசிந்து தண்ணீர் குளிரும். குடிக்கிற முறையும் நம் முறைதான், வாய் வைக்காமல் அண்ணாந்து!

சோம்பேறி என்றீர்களே, அதை மட்டும் வாபஸ் வாங்குங்கள். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை சாத்திய சின்னக் கடைகள் மறுபடி திறந்து இரவு எட்டரை வரை வியாபாரம் செய்கின்றன. கோடையில் பல அலுவலகங்கள் காலை எட்டுக்குத் தொடங்கி மூன்றுக்கு முடித்துவிடுகின்றன. இரவு பதினொன்றுக்குக் குழந்தைகள் சதுக்கத்தில் பந்து விளையாடுவதையும், தாத்தா பாட்டிகள் நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருப்பதையும் பார்ப்பீர்கள். ஊரே நாளை வெட்டி இரண்டாக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். 2022இல் வெப்ப அலைக்குப் புயல் போலப் பெயர் வைக்க ஆரம்பித்த ஊர் அது, முதல் அலைக்கு 'சோயி' என்று பெயர். வெயிலை அவ்வளவு மதிக்கிறவர்களுக்கு நீங்களும் நானும் பாடம் எடுக்க வேண்டாம்.

எனவே திட்டத்தை அப்படியே தலைகீழாக்குங்கள். பிளாசா தே எஸ்பான்யாவுக்குக் காலையில் போங்கள். 1929 கண்காட்சிக்காகக் கட்டிய அரைவட்ட மாளிகை அது, நடுவில் பரந்த வெட்டவெளி, நிழல் கிடையாது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒன்றாகப் பளபள ஓடு பதித்த இருக்கைகள் வளைவு நெடுகக் கிடக்கும், அழகோ அழகு. மதிய வெயிலில் அதே ஓட்டில் உட்கார்ந்தால் தோசைக்கல். அல்காசார் அரண்மனைக்கு மறுநாள் காலை முதல் நேரத்துக்கே, அதாவது ஒன்பதரைக்கே, முன்பதிவு செய்யுங்கள். 1360களில் மன்னர் முதலாம் பெத்ரோ கட்டிய மாளிகையை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் தோட்டத்துப் பக்கம் இறங்கி, அவருடைய காதலி மரியா தெ பாதியா பெயரில் உள்ள நிலத்தடி மழைநீர்த் தொட்டியையும் பாருங்கள். வளைவு வளைவாகக் கூரை, கீழே அசையாத தண்ணீர், உள்ளே நுழைந்ததும் உடம்பு குளிரும். வெளியே வர எனக்கு மனசே வரவில்லை.

கதீட்ரல் தடித்த கல் கட்டடம், உச்சி வெயிலிலும் உள்ளே தாங்கலாம், அதனால் அதை நண்பகலை ஒட்டி வையுங்கள். பக்கத்து ஜிரால்டா கோபுரம் முன்பு அங்கிருந்த மசூதியின் கோபுரம், அதில் படிக்குப் பதில் 35 சாய்தளங்கள். தொழுகைக்கு அழைப்பவர் குதிரையிலேயே ஏறிப் போகட்டும் என்று அப்படிக் கட்டினார்கள் என்பார்கள். வயதானவர்களும் மெதுவாக ஏறிவிடலாம், ஆனால் மதியத்துக்குள்.

இரண்டரைக்குச் சாப்பாடு. சைவமென்றால் கஸ்பாச்சோ கேளுங்கள், குளிர்ந்த தக்காளிச் சாறு, டம்ளரில் கொடுப்பார்கள். சல்மோரேஹோ இன்னும் கெட்டி, அதன் மேல் பன்றி இறைச்சித் துண்டும் முட்டையும் தூவுவார்கள், வேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு அறைக்குப் போய் ஜன்னல் ஷட்டரை முழுதாக இறக்கிவிட்டுப் படுங்கள். காற்று வரட்டும் என்று பகலில் திறந்தால் வருவது அனல்தான், திறக்க வேண்டியது இரவில். எட்டரைக்கு எழுந்து வந்து சாந்தா குரூஸ் என்ற பழைய பகுதியின் சந்துகளில் நடங்கள். கையில் ஒரு விசிறி இருக்கட்டும், அங்கே பஸ்ஸில் பாட்டிகள் 'டப்' என்று ஒரே உதறலில் விரிப்பார்கள், எனக்கு இன்னும் அந்த வித்தை வரவில்லை.