பால் கொடுக்கும்போது வலிக்கிறதா? எப்போது வலிக்கிறது என்று சொல்லுங்கள்: கேள்வி பதில்

மதுரையில் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். இப்போது பாலூட்டும் தாய்மார்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். இனி கேட்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: "வலிக்குது" என்று மட்டும் எழுதாதீர்கள். பிள்ளை வாய் வைத்தவுடனா, குடித்து முடிக்கும்வரையா, முடித்த பிறகா, காய்ச்சல் உண்டா என்று சேர்த்து எழுதுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

திருமங்கலம்: அக்கா, பாப்பா பிறந்து எட்டு நாள் ஆச்சு. ரெண்டு காம்பும் வெடிச்சு ரத்தம் வருது. "முதல் பிள்ளைக்கு அப்படித்தான், பழகிரும்"னு அத்தை சொல்றாங்க. எவ்வளவு நாள் பொறுத்துக்கணும்?

பொறுக்கவே வேண்டாம் தங்கச்சி. முதல் சில நாட்களில் பிள்ளை வாய் வைத்ததும் அரை நிமிடம், ஒரு நிமிடம் சுருக்கென்று இருந்துவிட்டு அடங்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தால், பெரும்பாலும் பிள்ளை காம்பை மட்டும் பிடித்துச் சப்புகிறது என்று அர்த்தம். ஜிகர்தண்டாவை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி குடித்தால் உங்களுக்குப் புண்ணும் பிள்ளைக்கு அரை வயிறும்தான் மிஞ்சும். வாய் எடுத்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் சரி. ஒரு பக்கமாக நசுங்கிச் சரிந்திருந்தால் பிடி சரியில்லை.

முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து உட்காருங்கள். குனிந்து மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகாதீர்கள், பிள்ளையை உங்களிடம் கொண்டுவாருங்கள். அதன் வயிறு உங்கள் உடம்போடு ஒட்டியிருக்கட்டும். தலை, கழுத்து, இடுப்பு ஒரே நேராக இருக்கட்டும். பின்னந்தலையைப் பிடித்து அமுக்கினால் பிள்ளை திமிறும், அதனால் கழுத்தையும் தோளையும் தாங்குங்கள். காம்பு அதன் மூக்குக்கு நேராக இருக்க, மேல் உதட்டில் மெல்ல உரசுங்கள். அது கொட்டாவி விடுகிற அளவுக்கு வாயைத் திறக்கும்வரை அவசரப்படாதீர்கள். திறந்ததும் தாடை முதலில் பதியும்படி சேர்த்து அணையுங்கள். கீழ்ப்பக்கக் கருவட்டம் பெரும்பாலும் வாய்க்குள் போயிருக்க வேண்டும், மேலே கொஞ்சம் தெரியலாம். கீழ் உதடு வெளியே மடங்கியிருக்கும். கன்னம் குழி விழாது. விழுங்குகிற சத்தம் கேட்கும். டக் டக்கென்று நாக்கு சொடுக்குகிற சத்தம் கேட்கக் கூடாது.

சரியாகப் பிடிக்கவில்லையா? வெடுக்கென்று இழுக்காதீர்கள். கையைக் கழுவிவிட்டு, சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுப் பிடியைத் தளர்த்தி எடுத்து, மறுபடி வையுங்கள். பத்துத் தடவை எடுத்து வைக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

புண் ஆறும்வரை வலி குறைந்த பக்கத்தில் ஆரம்பியுங்கள். முடித்ததும் இரண்டு சொட்டுப் பாலையே தடவிக் காற்றில் உலர விடுங்கள். காம்புக்கு சோப்பு வேண்டவே வேண்டாம். மெடிக்கலில் கிடைக்கும் சுத்தமான லனோலின் களிம்பும் தடவலாம், அதைத் துடைக்காமலே பால் கொடுக்கலாம். வெடிப்பிலிருந்து கொஞ்சம் ரத்தம் வயிற்றுக்குள் போனாலும் பொதுவாகப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. பிடியைச் சரிசெய்த பிறகும் வலி நீடித்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நாக்குக்கு அடியில் சவ்வு இழுத்து ஒட்டியிருக்கிறதா என்று அவர் பார்ப்பார்.

மேலூர்: எனக்கு சிசேரியன். பிள்ளையை மடியில் வெச்சாலே தையல் வலிக்குது.

மடியில் வைக்காதீர்கள். பக்கத்தில் தலையணை போட்டு, பிள்ளையின் கால் உங்கள் முதுகுப் பக்கம் போகிறபடி கை இடுக்கில் வைத்துக் கொடுங்கள். ஒருக்களித்துப் படுத்தும் கொடுக்கலாம்.

செல்லூர்: பிறந்து நாலாம் நாள். பால் கட்டி மார்பு கல்லு மாதிரி இருக்கு. பாட்டி மல்லிகைப் பூவை வெச்சுக் கட்டச் சொல்றாங்க. கட்டலாமா?

தொடர்ந்து பால் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் கட்டாதீர்கள். பாட்டி சொல்வது வெறும் பேச்சில்லை. பூ நிஜமாகவே வேலை செய்யும், சிக்கலே அதுதான். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் மார்பில் மல்லிகைச் சரத்தை ஒட்டிவைத்து, பாலை நிறுத்தும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து 1988-இல் கட்டுரை வெளியிட்டார்கள். பூவும் பாலைக் குறைத்தது. பிள்ளையை இழந்த தாய்க்குப் பால் வற்றப் பூக் கட்டுவது நம் பக்கத்தில் பழைய வழக்கம். உங்களுக்கு அது தேவையில்லை. தலையில் தாராளமாக வையுங்கள்.

பிள்ளை பிறந்த மூன்று முதல் ஐந்து நாளுக்குள் இப்படிப் பால் கட்டுவது சகஜம். மார்பு விறைத்திருந்தால் பிள்ளையால் கவ்வ முடியாது. விரல் நுனிகளைக் காம்பைச் சுற்றி வைத்து, நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். கருவட்டம் இளகும். தேவைப்பட்டால் கையால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு உடனே வாய் வையுங்கள். காலியாகும்வரை பீய்ச்சினால் இன்னும் அதிகமாக ஊறும். கொடுப்பதற்கு முன்னால் சற்று நேரம் வெதுவெதுப்பான துணி, கொடுத்த பிறகு குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம். இரவு பகல் சேர்த்து எட்டு முதல் பன்னிரண்டு தடவையாவது பிள்ளை குடிக்கட்டும்.

வாடிப்பட்டி: என் மனைவிக்கு ஒரு பக்கம் சிவந்து சூடா இருக்கு, காய்ச்சலும் இருக்கு. எண்ணெய் தேய்ச்சு உருவி விடவா? "காய்ச்சல் பால் கொடுக்காதே"ன்னு அம்மா சொல்றாங்க.

கணவர் கேட்டு எழுதியது சந்தோஷம் தம்பி, ஆனால் உருவாதீர்கள். கட்டியைக் கரைக்கிறேன் என்று அழுத்தித் தேய்த்தால் உள்ளே வீக்கம் கூடும். முன்பு நாங்களே தேய்க்கச் சொன்னதுண்டு. 2022-இல் வந்த மருத்துவ வழிகாட்டுதல் அதை வேண்டாம் என்கிறது. குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். பாராசிட்டமால், இபுப்ரோஃபன் இரண்டும் பாலூட்டும் தாய்க்கு ஏற்றவைதான். அவருக்கு அல்சர், ஆஸ்துமா மாதிரி ஏதும் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பாலை நிறுத்த வேண்டாம், அந்தப் பால் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது.

ஒரு நாளில் குறையவில்லை என்றாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தால் காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தக் கூடாது. கட்டி கரையாமல் அப்படியே நின்றுவிட்டால் சீழ் கோத்திருக்கலாம், ஸ்கேன் பார்க்க வேண்டும்.

உசிலம்பட்டி: இது ரெண்டாவது பிள்ளை. பால் குடிக்கும்போது அடிவயிறு பிசையுது, மூத்தவனுக்கு இப்படி இல்லையே?

பிள்ளை சப்பும்போது சுரக்கிற ஆக்ஸிடோசின் பாலையும் இறக்கும், கருப்பையையும் சுருக்கும். அடுத்தடுத்த பிரசவத்தில் இந்த வலி கூடும், சில நாளில் போய்விடும். உதிரம் கட்டிகட்டியாகப் போனாலோ நாற்றம் வந்தாலோ உடனே காட்டுங்கள்.

ஆரப்பாளையம்: ரெண்டு மாசம் நல்லா போச்சு. இப்ப திடீர்னு காம்பு எரியுது. பாப்பா வாயில் வெள்ளையா இருக்கு.

சுத்தமான ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். துடைத்தால் போவது பால். போகாமல் கன்னத்தின் உள்பக்கமும் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அப்படியென்றால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே சமயத்தில் மருந்து போட வேண்டும்.

திருநகர்: குடிச்சு முடிச்ச பிறகுதான் வலி. காம்பு வெளுத்து, அப்புறம் நீலமாகி, குத்துது.

குளிரில் ரத்தக் குழாய் சுருங்குவதால் வருவது. மதுரை வெயிலில் குளிரா என்று கேட்காதீர்கள், ஏ.சி. அறையில் மார்பைத் திறந்தபடி உட்கார்ந்தாலே போதும். வாய் எடுத்த உடனே மூடி, உலர்ந்த துணியால் சூடு கொடுங்கள். நசுங்கிய காம்பும் இப்படி வெளுக்கும், அதனால் முதல் பதிலில் சொன்ன பிடியையும் பாருங்கள்.

அலங்காநல்லூர்: நான் மாமியார். மருமகள் வலி தாங்காம பால் பவுடர் வாங்கச் சொல்லுது. நாங்கள்லாம் தாங்கலையா?

தாங்கினீர்கள் அம்மா, சொல்ல ஆளில்லாமல் தாங்கினீர்கள். அவள் தாங்க வேண்டியதில்லை. அதற்காக உடனே பவுடருக்கும் போக வேண்டாம். ரொம்ப வலிக்கிற நேரத்தில் கையால் பீய்ச்சி, கொதிநீரில் போட்டு எடுத்த பாலாடையிலோ சங்கிலோ கொடுக்கலாம். வெயிலில் வைத்திருக்காமல் உடனே கொடுத்துவிடுங்கள். பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், தாகத்துக்குக் குடிக்கட்டும். பாலாடை பிடிக்கிற வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால் அவள் ஒரு மணி நேரம் தூங்குவாள். பக்கத்தில் சொல்லித்தர யாருமில்லை என்றால் அரசு மருத்துவ உதவி எண் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸிடம் கூட்டிப்போய் நேரில் பால் கொடுத்துக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது.

அவனியாபுரம்: ஏழு மாசம், பல் முளைச்சு கடிக்கிறான்!

நன்றாகக் குடிக்கிற பிள்ளையால் கடிக்க முடியாது, நாக்கு கீழ்ப்பல்லை மூடியிருக்கும். வயிறு நிறைந்து விளையாட ஆரம்பிக்கும்போதுதான் கடி. சப்புவது குறைந்ததும் விரல் விட்டு எடுத்துவிடுங்கள். கடித்தால் கத்தாமல் "வேண்டாம்" என்று சொல்லிக் கொஞ்ச நேரம் இறக்கி விடுங்கள். கத்தினால் சில பிள்ளைகள் பயந்து குடிக்கவே மறுக்கும், சிலது வேடிக்கை என்று மறுபடி கடிக்கும்.