அக்சாள் கேட்ட நீர்ப்பாய்ச்சல் நிலம்

கேள்வி: மதிப்புக்குரிய போதகர் ஐயா, என் திருமணத்தின்போது அப்பா எனக்கு மேட்டுக்காணியில் 1 ஏக்கரைச் சீதனமாகத் தந்தார். அதில் கிணறு இல்லை. மழையை நம்பித்தான் பயிர் வைக்கிறோம். குளத்தின் கீழுள்ள வயற்காணி முழுவதும் தம்பிமார் இருவருக்குமே என்று இப்போது சொல்கிறார். வாய்க்கால் ஓரத்தில் ஒரு துண்டு கேட்டேன். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில்தான் மகளுக்குப் பங்கு என்று வேதமே சொல்கிறது என மூத்த தம்பி செலொப்பியாத்தின் குமாரத்திகளைக் காட்டினான். நான் கேட்டது பேராசையா?
- ஒரு வாசகி, வவுனிக்குளம்

பதில்: இல்லை, சகோதரி. உங்கள் தம்பி காட்டிய பகுதி எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் உள்ளது. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்ற ஐவரும் மோசேக்கும் ஆசாரியனாகிய எலெயாசாருக்கும் சபையார் அனைவருக்கும் முன்பாக நின்று, மகன் இல்லாமல் இறந்த தம் தந்தையின் பெயர் அற்றுப்போகலாகாது என்று காணி கேட்டார்கள். அவர்கள் சொல்வது சரியே என்று கர்த்தர் தீர்ப்பளித்தார். ஆனால் அந்தத் தீர்ப்பு, தகப்பன் இறந்தபின் அவனுடைய சுதந்தரம், அதாவது உரிமைச்சொத்து, யாரைச் சேரும் என்பதைப் பற்றியது. உயிரோடிருக்கும் தகப்பன் தன் மகளுக்கு மனமுவந்து கொடுப்பதை அது எங்கும் தடுக்கவில்லை.

உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமானவள் காலேபின் மகள் அக்சாள். கீரியாத்செப்பேரைப் பிடித்த ஒத்னியேலுக்கு அவளை மணமுடித்துக் கொடுத்த காலேப், அவளுக்குத் தென்திசை வறண்ட நிலத்தைத் தந்திருந்தான். தகப்பனிடம் ஒரு வயல் கேட்கும்படி முதலில் கணவனை ஏவியவள் அவளே. பின்பு தானே கழுதையிலிருந்து இறங்கி நின்றாள். உனக்கு என்ன வேண்டும் என்று தகப்பன் கேட்டபோது, வறட்சியான நிலத்தைத் தந்தீர், நீர்ப்பாய்ச்சலான நிலத்தையும் தாரும் என்று நேராகவே சொன்னாள். அவனும் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் இருந்த நீரூற்றுகளைக் கொடுத்தான். காலேபுக்கு ஆண்மக்கள் இருந்தார்கள் என்பதை முதலாம் நாளாகமம் 4ஆம் அதிகாரம் பெயர் சொல்லியே குறிக்கிறது. ஆகவே ஆண்பிள்ளை இல்லாததால் அவளுக்குக் கிடைத்தது என்று வாதிட இடமில்லை. யோபுவும் தன் ஏழு குமாரரின் நடுவிலே மூன்று குமாரத்திகளுக்கும் சுதந்தரம் கொடுத்தான்.

நீரில்லாத காணி என்றால் என்ன என்பதை வன்னியில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. குளத்துத் தண்ணீர் பாயும் வயலில் காலபோகத்தோடு சிறுபோகமும் விளையலாம். மேட்டுக்காணிக்காரர் வானத்தைப் பார்த்திருப்பார்கள். அக்சாள் அதிக நிலத்துக்காக அல்ல, தந்த நிலத்தில் பிழைப்பதற்கே தண்ணீர் கேட்டாள் என்றே நான் வாசிக்கிறேன். அவளுடைய வேண்டுதலை யோசுவாவிலும் நியாயாதிபதிகளிலுமாக இரண்டு முறை எழுதிவைத்த வேதம், அவளைப் பேராசைக்காரி என்று ஓரிடத்திலும் கடிந்துகொள்ளவில்லை.

சீதனம் வாங்கியவளுக்கு மேற்கொண்டு பங்கில்லை என்ற எண்ணம், 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் கொண்டுவந்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையிலிருந்து நம் வீடுகளில் ஊறியது. அதை வேதத்தின் தலையில் ஏற்றுவது நியாயமன்று.

தம்பிமார் மூலமாகச் சொல்லியனுப்பாமல், நீங்களே அப்பாவிடம் நேரில் போய்க் கேளுங்கள். வயல் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணியாக இருந்தால், அதைத் துண்டாடுவதற்கும் பின்னுரித்தாளரை, அதாவது உங்கள் அப்பாவுக்குப் பின் காணியைப் பெறுபவரை, நியமிப்பதற்கும் தனி விதிகள் உண்டு. பின்னுரித்தில் மகளுக்கு முன் மகனை வைத்த பழைய ஒழுங்கு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாற்றப்பட்டுள்ளது. அப்பாவையும் அழைத்துக்கொண்டு பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்கு ஒருமுறை போய்வாருங்கள்.